விசயர்கள் ஒரே மொழியினரா?

பிலிப்பைன்ஸின் நடுத்தீவுகளில் வாழும் விசயர்கள் ஒரே மொழி பேசும் இனத்தவரா, தகலாக் மொழி நாட்டின் பொதுமொழியாக்கப்பட்ட பின் அவர்களுடைய மொழிகளும் பண்பாட்டு அடையாளமும் தேய்ந்து வருகின்றனவா என்பது கேள்வி. முதற்பகுதிக்கு விடை எளிது. விசயர்களுக்கென ஒரே மொழி இல்லை. ஒன்றுக்கொன்று உறவுடைய பல மொழிகள் உண்டு. இரண்டாம் பகுதிக்குச் சற்று விரிவாகத்தான் விடை சொல்ல வேண்டும். விசய மொழிகளுள் பெரியவற்றுக்குத் தகலாக் வழங்கும் தலைநகர் மணிலாவிலிருந்து நெருக்கடி வருகிறது என்பது உண்மை. சிறியவற்றுக்கோ மணிலாவுக்கு முன்பே அண்டை வீட்டுப் பெரிய விசய மொழி வாசலில் வந்து நிற்கிறது. இந்த இரண்டாவது நெருக்கடியை விட்டுவிட்டு விசயர் அடையாளத்தைப் பற்றி எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பனாய், நீக்ரோஸ், செபு, போஹோல், லேய்த்தே, சாமார் ஆகிய ஆறும் விசயாஸ் எனப்படும் இந்த நடுத்தீவுக் கூட்டத்தின் பெரிய தீவுகள். செபு, போஹோல், நீக்ரோஸின் கிழக்குப் பகுதி, லேய்த்தேயின் மேற்கும் தெற்கும் ஆகிய இடங்களில் செபுவானோ பேசப்படுகிறது. பனாயின் இலோயிலோ நகரிலும் நீக்ரோஸின் மேற்குப் பகுதியிலும் ஹிலிகாய்னோன் வழங்குகிறது; மக்கள் அதை இலோங்கோ என்றே சொல்வார்கள். சாமாரிலும் லேய்த்தேயின் வடகிழக்கிலும் வாராய், பனாயின் மேற்கே அந்திக்கே மாகாணத்திலும் இலோயிலோவின் உள்நாட்டு ஊர்களிலும் கினாராய்-ஆ, அதே தீவின் வடமேற்கில் அக்லானோன் என்று பட்டியல் நீளும். 1977இல் டேவிட் சோர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் இவற்றை ஐந்து கிளைகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பே இன்றுவரை ஆய்வாளர்களுக்கு அடிப்படையாக இருக்கிறது. அதன்படி வாராயும் ஹிலிகாய்னோனும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. செபுவானோ தனிக் கிளை. செபுவில் பிறந்து வளர்ந்த ஒருவர் கப்பலேறி இலோயிலோவில் இறங்கினால் சொற்கள் பல பிடிபடும். ஆனால் இரண்டு பேர் விரைந்து பேசிக்கொள்வதைப் பின்தொடர முடியாது. ஆகவே இவற்றை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று சொல்வது பொருந்தாது.

பெயரும் மொழியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு மிகத் தெளிவான சான்று தெற்கே சூலுத் தீவுகளில் இருக்கிறது. அங்கே வாழும் தவ்சுக் மக்களின் மொழி, மொழியியல்படி ஐயத்திற்கு இடமின்றி விசய மொழிதான்; நாட்டின் தெற்கே உள்ள பெரிய தீவான மிண்டனாவோவின் வடகிழக்கில் வழங்கும் புத்துவானோன், சூரிகாவ்னோன் மொழிகளுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஒரு தவ்சுக்கை விசயர் என்று அழைத்தால் அவர் ஏற்கமாட்டார். தவ்சுக் மக்கள் முஸ்லிம்கள். சூலு சுல்தானகத்தின் குடிகளாக இருந்தவர்கள். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் சூலுவிலிருந்தும் மிண்டனாவோவிலிருந்தும் புறப்பட்ட படகுகள் விசயக் கரையூர்களைத் தாக்கி மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றன. ஒரு கரையில் பிடித்தவர்கள், மறு கரையில் பிடிபட்டவர்கள் என்ற வரலாறு இருக்கும்போது இலக்கண ஒற்றுமை அவர்களை ஓரினமாக்கிவிடாது. மொழிக்குடும்பம் ஆய்வாளருக்குப் பயன்படும் பகுப்பு. இன உணர்வு மதத்தாலும் ஆட்சியாலும் பழைய பகையாலும் உருவாகிறது.

எதிர்ப்புறமும் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் இனம் எது என்று கேட்கப்பட்டபோது 14.3 விழுக்காட்டினர் 'பிசயா' (விசயர் என்பதன் உள்ளூர் வடிவம்) என்றும் 8 விழுக்காட்டினர் 'செபுவானோ' என்றும் பதிவு செய்தார்கள். இவ்விரு கூட்டத்தாரும் பெரும்பாலும் பேசுவது ஒரே மொழி. செபுத் தீவுக்கு வெளியே, குறிப்பாக மிண்டனாவோவில் குடியேறி மூன்று நான்கு தலைமுறை கண்டவர்களுக்குச் செபு என்பது தாத்தாவின் ஊர். ஆகவே தம் மொழியை அவர்கள் பிசயா என்றும் பினிசயா என்றும் சொல்கிறார்களே தவிர, செபுவின் பெயரால் அழைப்பதில்லை. போஹோல்காரர்களுக்கு இதில் தனி வீம்பு உண்டு. செபுவானோவிலிருந்து ஒலிப்பில் சிறிதே வேறுபடும் தம் பேச்சைப் போஹோலானோ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மேற்கே இலோயிலோக்காரரைக் கேட்டால் முதலில் 'இலோங்கோ' என்பார். விசயர் என்ற பெயர் அவருக்கு ஏற்புடையதுதான் என்றாலும் நாவின் நுனியில் நிற்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு ஸ்பானியப் பாதிரிமார்களுக்கு உரியது. 1521இல் மகெல்லன் செபுவில் இறங்கி, மாக்தான் தீவில் லாப்புலாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்டார். 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வந்து செபுவில் நிலையாகக் கால் ஊன்றினார். பச்சை குத்திய உடலோடு இருந்த இம்மக்களை ஸ்பானியர் முதலில் 'பிந்தாதோஸ்', அதாவது வண்ணம் தீட்டியவர்கள் என்று அழைத்தார்கள். பிசயா என்ற பெயர் பின்னர் மேலோங்கியது. மக்களுக்கு ஸ்பானிய மொழியைக் கற்பிப்பதைவிட மக்களின் மொழியைத் தாம் கற்று மதம் பரப்புவதே எளிது என்று துறவற சபைகள் கண்டன. ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு அகராதியும் இலக்கணமும் எழுதின. 1637இல் அலோன்சோ தெ மெந்த்ரிதா பனாய்த் தீவின் மொழிகளுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். லேய்த்தேயில் மத்தேயோ சான்செஸ் தொகுத்த அகராதி 1711இல் அச்சானது. 1851இல் ஹுவான் பெலிக்ஸ் தெ லா என்கார்னசியோன் செபுவானோவுக்கு அகராதி செய்தார். மூன்றும் வெவ்வேறு மொழிகளைப் பற்றியவை. மூன்றின் தலைப்பிலும் இருந்த சொல் பிசயா. ஒருபுறம் பொதுப்பெயர் இறுகியது. மறுபுறம், எந்தப் பேச்சு ஜெப நூலில் ஏறியதோ அந்தப் பேச்சு பங்குக் கோவில் வழியாகத் திருத்தமான மொழி என்ற தகுதியைப் பெற்றது. கோவில் மேடையேறாத பேச்சுகள் வீட்டோடும் வயலோடும் நின்றன. பின்னாளில் எழுந்த ஏற்றத்தாழ்வுகளுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

மொழி எல்லைகள் பழங்காலம் தொட்டு அப்படியே இருப்பவை என்று நினைப்பவர்கள் நீக்ரோஸ் தீவின் கதையை அறிய வேண்டும். தீவின் நடுவே கன்லாவோன் எரிமலையும் மலைத்தொடரும் நிற்கின்றன; மேற்கே பக்கோலோத் நகரைச் சூழ ஹிலிகாய்னோன், கிழக்கே துமகெத்தே நகரைச் சூழ செபுவானோ. இந்தப் பிரிவு இன்றுள்ள அளவுக்குக் கூர்மையானதற்குக் காரணம் கரும்பு. 1855இல் இலோயிலோத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டது. அங்கே துணைத் தூதராக இருந்த நிக்கோலஸ் லோனி என்ற ஆங்கிலேயர் மலிவான ஆங்கிலத் துணியை இறக்கினார். கூடவே சர்க்கரை ஆலைக்கு எந்திரங்களும் கடனும் கொடுத்தார். இலோயிலோவில் செழித்திருந்த கைத்தறி நெசவு அந்தப் போட்டியில் வீழ்ந்தது. அதில் பணம் சேர்த்திருந்த குடும்பங்கள் கடல் கடந்து மேற்கு நீக்ரோஸில் காடு வெட்டிக் கரும்புத் தோட்டங்கள் போட்டன. அறுவடைக்குப் பனாயிலிருந்து கூலியாட்களும் வந்தார்கள். தோட்ட முதலாளியின் மாளிகையிலும் கூலி வரிசையிலும் ஒரே இலோங்கோ கேட்டது. கிழக்குக் கரைக்கோ செபுவிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். 1890இல் தீவு இரண்டு மாகாணங்களாகப் பிரிந்தது.

அந்த மாகாணக் கோடும் மொழிக்கோட்டோடு ஒட்டி ஓடவில்லை. மேற்கு மாகாணத்தைச் சேர்ந்த சான் கார்லோஸ் நகரம் மலைக்குக் கிழக்கே, செபுவைப் பார்த்தபடி இருக்கிறது; அங்கே பேச்சு செபுவானோ. நிர்வாகத்தில் மேற்கு மாகாணம் இலோயிலோவோடும் கிழக்கு மாகாணம் செபுவோடும் நெடுங்காலம் இணைக்கப்பட்டிருந்தன. 2015இல் இரண்டையும் சேர்த்து நீக்ரோஸ் தீவு வட்டாரம் அமைக்கப்பட்டது. 2017இல் அது கலைக்கப்பட்டது. 2024இல் சிக்கிஹோர் தீவையும் சேர்த்துச் சட்டத்தின் வழியே மீண்டும் உருவாக்கப்பட்டது. தீவு ஒன்று என்ற உணர்வுக்கும் மொழி இரண்டு என்ற நடைமுறைக்கும் இடையே ஆட்சியாளர்கள் இப்படித் தள்ளாடியதில் வியப்பில்லை.

இனித் தகலாக் பற்றி. தகலாக் பேசுவோர் தம் மொழியை மற்றவர்மேல் திணித்தார்கள் என்ற வகையில் இந்த வரலாறு அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆவணங்கள் காட்டும் படம் இன்னும் சிக்கலானது. 1935 அரசியலமைப்பு, நாட்டில் வழங்கும் மொழிகளுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு பொதுமொழி ஒன்றை வளர்க்கச் சொன்னது. அதை நிறைவேற்ற 1936இல் தேசிய மொழிக் கழகத்தை அமைத்த சட்டத்தை எழுதியவர் நோர்பெர்த்தோ ரொமுவால்தெஸ். அவர் லேய்த்தேயைச் சேர்ந்த வாராய் மொழியினர். வாராயில் நாடகம் எழுதியவர். 1909இல் அம்மொழிக்கென ஒரு கழகமும் கண்டவர். தேசிய மொழிக் கழகத்தின் தலைவராக அமர்ந்த ஹைமே தெ வேய்ராவும் லேய்த்தேக்காரர்தான். அவர் தலைமையில் இருந்த கழகம் தகலாக்கைப் பரிந்துரைத்தது. 1937 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் மனுவேல் கேசோன் அதை அறிவித்தார். 1959இல் அம்மொழிக்குப் 'பிலிப்பினோ' என்று பொதுப்பெயர் சூட்டிய கல்விச் செயலர் ஹோசே ரொமேரோ கிழக்கு நீக்ரோஸைச் சேர்ந்தவர். விசயத் தலைவர்கள் பலர் மணிலாவின் அரசியலில் ஊறியவர்கள். ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் தேர்ந்தவர்கள். தலைநகரின் மொழியும் அச்சு வளமும் தகலாக்கிடம் இருப்பதாகக் கருதினார்கள். அதைத் துரோகம் என்று சொல்லமாட்டேன். கணக்குப் போட்டு எடுத்த முடிவு. ஆனால் கணக்கில் ஒன்று விடுபட்டது. தாய்மொழியாகப் பேசுவோரின் எண்ணிக்கையில் அன்று தகலாக்கை முந்தியிருந்தது செபுவானோ. அதன்பின்னும் பல பத்தாண்டுகள் அந்த நிலை நீடித்தது. எண்ணிக்கையில் பெரியவர் தம் பிள்ளைக்குப் பள்ளியில் அடுத்தவர் மொழியைப் படிப்பிக்க வேண்டிய நிலை வந்தால் மனத்தில் ஒரு கசப்பு தங்கும். செபுவில் அது இன்றும் தங்கியிருக்கிறது.

1987 அரசியலமைப்பு வட்டார மொழிகளை அந்தந்தப் பகுதியில் துணை ஆட்சிமொழிகள் என்றும், அங்கே துணைப் பயிற்றுமொழிகள் என்றும் ஏற்றுக்கொண்டது. வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றமும் சட்டமும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தேசிய கீதத்தை நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. சட்டங்களைவிட மனத்தில் ஆழமாகத் தைத்தது மணிலாவின் ஏளனம். விசயர்கள் தகலாக் பேசும்போது 'எ'வும் 'இ'யும், 'ஒ'வும் 'உ'வும் இடம் மாறும். திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அந்த ஒலிப்பு வேலைக்காரப் பாத்திரத்திற்கு ஒதுக்கப்பட்டது. விசய வீடுகளில் பெண்பிள்ளையைச் செல்லமாகவும் மதிப்பாகவும் அழைக்கும் 'இந்தாய்' என்ற விளி, மணிலாவில் வீட்டு வேலைக்காரியின் பொதுப்பெயராகிவிட்டது. இந்த ஏளனத்திற்கு எதிர்வினையாகவே 'பிஸ்தாக்', அதாவது பெரும் விசயர் என்ற பெருமிதச் சொல் இளைஞரிடையே பரவியது. 2013 முதல் செபுவில் நடந்த பாடல் போட்டிகளிலிருந்து 'விஸ்பாப்' என்ற இசைவகை எழுந்தது. அதற்கு முன்பே 2000களின் தொடக்கத்தில் 'பிஸ்ராக்' என்ற விசய ராக் இசை இருந்தது. 2016இல் ரொட்ரிகோ துத்தெர்த்தே குடியரசுத் தலைவரானபோது, அவருடைய அரசியலை ஏற்காதவர்கள்கூட, நாட்டின் மிக உயர்ந்த மேடையில் பிசயா கேட்பதை ஒரு கணம் ரசித்தார்கள் என்றே நினைக்கிறேன். விசய மொழி பேசிய தலைவர் அவருக்கு முன்பும் உண்டு. 1957 முதல் 1961 வரை ஆண்ட போஹோல்காரர் கார்லோஸ் கார்சியா செபுவானோவில் கவிதை எழுதியவர்.

ஆக, செபுவானோவுக்கு எண்ணிக்கை உண்டு, பாட்டு உண்டு, வானொலி உண்டு, 1930இல் தொடங்கிய 'பிசயா' இதழ் உண்டு, மிண்டனாவோ என்ற பெரிய குடியேற்ற நிலமும் உண்டு. அது அழிந்துவிடும் என்று அஞ்சக் காரணம் தெரியவில்லை. அஞ்ச வேண்டியது மற்றவற்றைப் பற்றி. கினாராய்-ஆ பேசும் உள்நாட்டு ஊர்களிலிருந்து படிக்கவும் வேலைக்கும் இலோயிலோ நகருக்கு வருபவர்கள், வந்த சில மாதங்களில் ஹிலிகாய்னோனுக்கு மாறிவிடுவார்கள். மாறாதவரை 'மலைக்காரர்' என்ற பார்வை தொடரும். ஹிலிகாய்னோன் புதின ஆசிரியர் ரமோன் முசோனெஸ் பிறந்த மியாகாவ் ஊரின் பேச்சு கினாராய்-ஆ. அவர் எழுதியதோ இலோயிலோவின் இதழ்களுக்கு. ஆகவே ஹிலிகாய்னோனில் எழுதினார். 2018இல் நாட்டின் தேசியக் கலைஞர் பட்டம் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. மணிலா இதில் தலையிடவே இல்லை. கினாராய்-ஆவிலும் அக்லானோனிலும் கவிதையும் கதையும் அச்சேறத் தொடங்கியது பின்னால்தான். பயிலரங்குகளில் இளைஞர்களை வீட்டு மொழியில் எழுதச் சொல்லித் தூண்டிய லியோன்சியோ தெரியாதாவுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இன்னும் சிறிய அளவில் பார்த்தால், செபு மாகாணத்திற்குள்ளேயே கமோத்தெஸ் தீவுகளில் போரோஹானோன் என்ற தனி மொழி இருக்கிறது. அதைப் பேசுவோருக்குப் பள்ளியிலும் சந்தையிலும் கப்பல் துறையிலும் எதிரே நிற்பது செபுவானோதான்.

போஹோலின் எஸ்காயா மக்களை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. அத்தீவின் மலைப்பகுதியில் சில ஊர்களில் அவர்கள் வீட்டில் பேசுவது விசய மொழி. ஆனால் வழிபாட்டுக்கும் பாடலுக்கும் தம் பள்ளிகளில் கற்பிக்கவும் எஸ்காயா என்ற தனி மொழியும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள் கொண்ட தனி எழுத்தும் வைத்திருக்கிறார்கள். பினாய் என்ற மூதாதை மனித உடலின் வடிவங்களைப் பார்த்து அவ்வெழுத்தைப் படைத்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தொல்பழங்கால மொழி என்று 1980களில் செய்தித்தாள்கள் பரபரத்தன. மோசடி என்று வேறு சிலர் தள்ளினார்கள். ஆஸ்திரேலிய மொழியியலாளர் பியர்ஸ் கெல்லியின் ஆய்வு, அதன் இலக்கணம் விசய இலக்கணம் என்றும், சொற்கள் மட்டும் புதிதாக ஆக்கப்பட்டவை என்றும், 1949இல் இறந்த மரியானோ தாத்தாஹான் என்ற தலைவரின் காலத்தில் அது வெளிப்பட்டது என்றும் காட்டியது. ஸ்பானியரும் அமெரிக்கரும் மாறி மாறி ஆண்ட நிலத்தில், தனக்கென மொழியும் எழுத்தும் உள்ள சமூகமே தனி நாடாக மதிக்கப்படும் என்று உணர்ந்த மக்கள் அவ்விரண்டையும் உருவாக்கிக்கொண்டார்கள். பழமையானதா, போலியா என்ற விவாதத்தைவிட அந்தத் தேவையே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ் வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் ஒன்றுக்கும் இங்கே விடை சொல்லிவிடுகிறேன். செபுவை நிறுவியவர் ஸ்ரீ லுமாய் என்ற சோழ இளவரசர் என்ற கதை இணையத்தில் வலம் வருகிறது. அதன் மூலம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செபுக்காரர் ஒருவர் வாய்மொழி மரபு என்று எழுதி வைத்த நூல். 1521இல் மகெல்லனோடு வந்து செபுவின் சொற்களையும் வழக்கங்களையும் பதிவு செய்த பிகபெத்தாவின் குறிப்பில் அந்தப் பெயர் இல்லை. மலாய் உலகின் வழியாக இந்தியச் சொற்கள் விசய மொழிகளில் கலந்தது உண்மை. தேவதை அங்கே 'திவாத்தா' ஆனது, மாங்காய் 'மங்கா' ஆனது. அதற்கு மேல் வரலாறு கட்டுவதற்குச் சான்று போதாது.

பள்ளிக்கூடத்திற்கு வருவோம். 2009இல் கல்வித் துறை ஆணை ஒன்றின் மூலமும், 2013இல் சட்டத்தின் மூலமும், மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்றானது. முதற்பட்டியலில் இருந்த 12 மொழிகளுள் செபுவானோ, ஹிலிகாய்னோன், வாராய், தவ்சுக் ஆகியவை இருந்தன. பட்டியல் 19 ஆனபோது அக்லானோன், கினாராய்-ஆ, சூரிகாவ்னோன் ஆகியவையும் சேர்ந்தன. ஆனால் பாடநூல்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது. எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சந்தையில் விலையும் மணியும் ஸ்பானிய எண்களில் சொல்லிப் பழகிய வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், கணக்குப் புத்தகத்தில் பழைய விசய எண்ணுப்பெயர்களைப் பார்த்து விழித்தார்கள். ஆங்கிலம் தெரிந்தால்தான் கப்பலிலும் அழைப்பு மையத்திலும் வெளிநாட்டு மருத்துவமனையிலும் வேலை என்பதை அறிந்த பெற்றோரும் முணுமுணுத்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 12027ஆம் சட்டம் தாய்மொழிக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மொழி பேசுவோராக இருந்தால் மட்டும், சில நிபந்தனைகளோடு அம்மொழியைப் பயன்படுத்தலாம். நடைமுறைக் குறைகளைத் திருத்துவதற்குப் பதில் கொள்கையையே கைவிட்டது தவறு என்பது என் எண்ணம். செபுவானோ இதைத் தாங்கும். அரசு அச்சிட்ட பாடநூல் என்ற ஒரே மேடை கிடைத்திருந்த சிறிய மொழிகளுக்கு அது கடினம்.

மொழி என்பது பெருமிதம் மட்டும் சார்ந்த செய்தி என்று எண்ணுவோர் லேய்த்தேயின் தக்லோபான் நகரை நினைக்க வேண்டும். 2013 நவம்பர் 8 அன்று, உள்நாட்டில் 'யோலாந்தா' என்று பெயரிடப்பட்ட ஹயான் புயல் லேய்த்தேயையும் சாமாரையும் தாக்கியது. அரசுக் கணக்கின்படியே 6,300 பேர் இறந்தார்கள். கடல் பொங்கி ஊருக்குள் புகும் என்று வானிலைத் துறை முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் எச்சரிக்கையில் இருந்தது 'ஸ்டாம் சர்ஜ்' என்ற ஆங்கிலத் தொடர். வாராய் பேசும் கரையூர் மக்கள் பலருக்கு அது என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை. 'சுனாமி' என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பின்னர் கூறினார்கள். இத்தனைக்கும் 1897இல் அதே கரைகளில் அதே வகைக் கடல்பெருக்கு நிகழ்ந்ததை ஹோசே அல்கே என்ற ஜேசுசபை வானிலையாளர் ஸ்பானியத்தில் விரிவாக எழுதி வைத்திருந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அறிவு மேலிடத்தின் மொழியிலேயே சேமிக்கப்பட்டதன் விளைவு இது. 2020இல் ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனதால், செபுவானோ, ஹிலிகாய்னோன், வாராய் முதலியவற்றில் அது நடத்திவந்த வட்டாரத் தொலைக்காட்சிச் செய்திகளும் அந்த ஆகஸ்டில் நின்றன. வேறு நிறுவனத்தின் செய்தி செபுவிலும் இலோயிலோவிலும் உண்டு. உள்ளூர் வானொலிதான் பெருந்துணை.

நடைமுறையில், இப்பகுதியைச் சேர்ந்த ஒருவரோடு பழக நேரும் தமிழருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். செபு, போஹோல், மிண்டனாவோவின் தவாவோ, ககயான் தெ ஓரோ பகுதிகளைச் சேர்ந்தவரைப் பிசயா என்று அழைத்தால் மகிழ்வார். பக்கோலோத்தையும் இலோயிலோவையும் சேர்ந்தவரை இலோங்கோ என்பதும், தக்லோபான்காரரை வாராய் என்பதும் பொருத்தம். அந்திக்கேக்காரரை இலோங்கோ என்று சொல்லிவிட்டால் அவர் பெரும்பாலும் மறுக்காமல் சிரித்துக்கொள்வார். கினாராய்-ஆ பேசுகிறீர்களா என்று கேட்டுப்பாருங்கள், உரையாடல் வேறுவிதமாகப் போகும். தவ்சுக் நண்பரிடம் மட்டும் மொழியியல் வகைப்பாட்டை முதல் சந்திப்பிலேயே எடுத்து வைக்க வேண்டாம்.